முதுகுத்தண்டு அடிபட்டவரின் முதல் வருடம்

பொள்ளாச்சித் தோப்பில் தென்னையிலிருந்து விழுந்தவர், பல்லடம் ரோட்டில் டூவீலரோடு சாய்ந்தவர், சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் தவறியவர். யாராக இருந்தாலும் வீட்டார் கேட்பது ஒன்றுதான்: "எப்பங்க நடப்பாரு?"

முதல் சில வாரங்களில் இதற்குத் தேதி சொல்ல முடியாது. அடிபட்டதும் தண்டுவடம் தற்காலிகமாகச் செயலிழந்து கிடக்கும். அந்த அதிர்ச்சி அடங்கிய பிறகுதான் பரிசோதனை தெளிவாகப் பேசும். ஆசனவாயைச் சுற்றித் தொடு உணர்வு மிஞ்சியிருந்தால் நரம்பு முழுதாக அறுபடவில்லை என்று பொருள். முன்னேற வாய்ப்பு கூடுதல். ஆனால் அந்தப் பதிலுக்காகப் படுத்தே காத்திருப்பதுதான் ஆளைக் கெடுக்கிறது.

முதல் எதிரி படுக்கைப் புண். எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நிற்கிறது; வலி தெரியாததால் அவர் அசைவதில்லை. மேலே சின்னக் கறுப்பாகத் தெரியும்போதே உள்ளே சதை அழுகியிருக்கலாம். நம் நிறத்தில் சிவப்பு சுலபமாகத் தெரியாது. அதனால் தினமும் வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால் ஆகிய இடங்களைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால், அது மறையும்வரை அந்த இடத்தில் பாரம் கூடாது. படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், ராத்திரியிலும்தான். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. கயிற்றுக் கட்டில் வேண்டாம். நடுவில் ஓட்டையுள்ள ரப்பர் வளையமும் வேண்டாம். அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை நெரிக்கும். வீல்சேரில் அரை மணிக்கு ஒருமுறை நெஞ்சு தொடையைத் தொடுமளவு குனிந்து 2 நிமிடம் இருக்க வேண்டும். கையை ஊன்றி நொடிப்பொழுது எழும்பினால் போதாது.

ஒத்தடம் கொடுக்கிறேன் என்று மரத்த காலில் வெந்நீர்ப் பை வைப்பதை இன்றும் பார்க்கிறோம். தோல் வெந்து கொப்புளமான பிறகுதான் தெரியவரும்.

சிறுநீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். கிருமியும் கல்லும் வரும். கதீட்டரை (சிறுநீர்க் குழாயை) அவ்வப்போது விட்டு எடுப்பவர் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீரை வெளியேற்ற வேண்டும். ஒரு தடவைக்கு 500 மி.லி. தாண்டினால் இடைவெளியைக் குறையுங்கள். முதுகுத்தண்டில் நடு நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரெனத் தலை வெடிப்பதுபோல் வலித்து முகம் வியர்த்தால் அது பித்தமல்ல, ரத்த அழுத்தம் எகிறுகிறது. நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். தணியாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

இதெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் கட்டிலிலிருந்து சேருக்குத் தானே மாறுவது, சட்டை போடுவது, வாசலைத் தாண்டுவது. எங்கள் அனுபவத்தில் நம்பிக்கை திரும்புவது பெரும்பாலும் இந்த வரிசையில்தான், ஆறுதல் பேச்சில் அல்ல. வாசல் ஒன்றரை அடி உயரமென்றால் சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். இடமில்லாவிட்டால் நடுவே திருப்பிக் கட்டலாம். கழிவறைக் கதவு 3 அடி அகலம்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சீக்கிரமே விண்ணப்பியுங்கள். திருப்பூர்ப் பக்கம் பனியன் பிசிர் வெட்டுவது, செக்கிங் எல்லாம் உட்கார்ந்தே செய்கிற வேலை. கம்பெனியில் முதலில் பார்க்க வேண்டியது மேசைக்கு அடியில் முழங்கால் நுழைகிறதா, போய்வர ஒரு கழிவறை இருக்கிறதா என்பதை. சம்பளம் அப்புறம் பேசலாம்.