பழைய உலோகம் வாங்கலாம், பழைய நாடா வேண்டாம்

குகைகளில் கயிற்றில் ஏறி இறங்கக் கற்றுக்கொடுப்பது என் தொழில். முதல் பயிற்சி முடிந்ததும் பெரும்பாலும் எல்லோரும் என்னிடம் கேட்பது, குறைந்த செலவில் சொந்தமாகக் கருவிகள் சேர்ப்பது எப்படி என்பதுதான். நியாயமான கேள்வி. சிக்கனமாக வாங்க முடியும். ஆனால் எந்தப் பொருளில் சிக்கனம் பிடிக்கிறோம் என்பதில் உயிர் இருக்கிறது.

ஒரு மாணவர் நண்பரிடமிருந்து மலிவாக வாங்கிய ஹார்னஸ் (கயிற்றில் தொங்க இடுப்பிலும் தொடையிலும் கட்டும் நைலான் கச்சை) ஒன்றைக் கொண்டுவந்தார். நிறம் மங்கவில்லை, தையல் பிரியவில்லை. இதுவரை எங்கே இருந்தது என்று விசாரித்தேன். வண்டியில், பழைய பேட்டரி ஒன்றின் பக்கத்தில் பல மாதங்கள் கிடந்ததாம். அன்று அதை அணிந்து ஏற நான் விடவில்லை. பேட்டரி அமிலம் நைலானை அரித்துவிடும். வெளியே ஒரு கறைகூடத் தெரியாமல் உள்ளே வலிமை போயிருக்கும். வெயிலும் அப்படித்தான், மெல்ல மெல்லச் சிதைக்கும். ஆகவே ஹார்னஸ், கயிறு, நாடா (பட்டையாக நெய்த வார்) ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். உற்பத்தித் தேதியையும் பாருங்கள். பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் 10 ஆண்டுகளுக்கு மேல் வேண்டாம் என்பதே பல உற்பத்தியாளர்களின் வரம்பு.

உலோகம் பெரும்பாலும் அப்படி மறைக்காது. ஏறுகருவி என்பது கயிற்றைப் பற்களால் கவ்வி, மேல்நோக்கி மட்டும் நகரும் கருவி. அதன் பற்கள் மழுங்கியிருந்தால் விரலால் தடவினாலே தெரியும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், கயிற்றைக் கவ்வும் பகுதியான கேம் சட்டென்று மூடாது. இறங்குகருவியின் உருளையில் சேற்றுக் கயிறு அறுத்த பள்ளம் பளிச்சென்று தெரியும். பல மாடல்களில் அந்த உருளையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தெரிந்தவரிடம், கையில் எடுத்துப் பார்த்து, பழைய கருவி வாங்குவதில் தவறில்லை. ஆனால் பெயர்பெற்ற நிறுவனங்களின் ஏறுகருவிகளுக்குப் போலிகள் வந்திருக்கின்றன. தரமுத்திரை, தொடர் எண் பொறிக்கப்படாத எதையும் விலை பார்த்து எடுக்காதீர்கள்.

பாறையேற்ற ஹார்னஸ் ஏற்கெனவே இருக்கிறதே, அதுவே போதாதா என்பார்கள். ஏறிவிடலாம், ஆனால் அவதி. நம் முறையில் மார்பில் ஒரு ஏறுகருவி, கையில் ஒன்று. காலை மடக்கி எழும்போது மார்புக் கருவி எவ்வளவு கீழே இருக்கிறதோ, அவ்வளவு நீளமாக ஒவ்வொரு எழுச்சியும் அமையும். குகை ஹார்னஸின் இணைப்பு அதற்காகவே தாழ்வாக இருக்கிறது. பாறையேற்ற ஹார்னஸில் அது உயரே போய்விடும். 50 மீட்டர் ஆழமுள்ள செங்குத்தான குகைக் குழியில் அந்த வேறுபாட்டைத் தொடைகள் சொல்லும்.

ஹார்னஸைப் பூட்டும் அரைவட்ட மைலான் (திருகி மூடும் உலோக வளையம்) விஷயத்தில் நான் கறாரானவன். அதற்குப் பதில் சாதாரண கராபினர் (ஸ்பிரிங் கதவுள்ள உலோகக் கொக்கி) போடாதீர்கள். கராபினரின் பலம் நீளவாக்கில்தான். 20 கிலோநியூட்டனுக்கு (இழுவிசையின் அளவு) மேல் தாங்குவதுகூடக் குறுக்கே இழுபட்டால் 7, 8 கிலோநியூட்டனிலேயே உடையலாம். மைலானோ பல திசை இழுப்புக்காகவே செய்யப்பட்டது. அலுமினியத்தைவிட எஃகு மைலான் கனம் கூடுதல், விலை குறைவு, தேய்மானமும் குறைவு. எடையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மிச்சம் பிடிக்க இடங்கள் இருக்கின்றன. மார்புக் கருவியை நிமிர்த்திப் பிடிக்கும் தோள்வார் உடல் எடையைத் தாங்குவதில்லை. சாதாரண நாடாவில் நீங்களே செய்துகொள்ளலாம். கைக்கருவியிலிருந்து தொங்கும், கால் ஊன்றி எழுவதற்கான கால்வளையத்தையும் கயிற்றில் முடிந்துகொள்ளலாம், அதிகம் நீளாத கயிறாக இருக்கட்டும். இடுப்பிலிருந்து தொங்கும் பாதுகாப்புக் கயிறுகளுக்கோ இதற்கு நேர்மாறாக, நீண்டு அதிர்ச்சியைத் தாங்கும் டைனமிக் கயிறு வேண்டும். புதிய கயிற்றில் சில மீட்டர் வெட்டி வாங்கி நீங்களே முடிச்சுப் போட்டால், தைத்து விற்பதைவிட மலிவு. நீண்ட பாதுகாப்புக் கயிறு, தொங்கும்போது கைக்கு எட்டும் அளவைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அதில் மாட்டிய கைக்கருவியை எட்ட முடியாமல் அந்தரத்தில் தவிக்க நேரிடும்.

ஏறும் கயிற்றை முதலாண்டில் வாங்கவே வேண்டாம். அது குழுவின் சொத்தாக இருப்பதே வழக்கம். அதன் வரலாற்றைக் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் குழுவாகப் பார்த்துச் சேருங்கள்.

எல்லாம் கைக்கு வந்ததும் நேரே குகைக்குப் போகாதீர்கள். வலுவான கிளையில் கயிறு கட்டி, தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் கால் மணி நேரம் தொங்கிப் பாருங்கள். கால்வளையத்தில் நிமிர்ந்து நின்றால், கைக்கருவி மார்புக் கருவிக்குச் சற்று மேலே நிற்க வேண்டும். இரண்டும் முட்டிக்கொண்டால் வளையம் குட்டை; இடையில் ஒரு சாண் இருந்தால் நீளம். அங்கேயே இறங்கி முடிச்சை மாற்றிக்கொள்ளுங்கள்.