ஒரே கோணத்தை இருபது முறை கூட்டிய பித்தளை வட்டம்

மீட்டரின் நீளத்தை முடிவு செய்யப் பூமியையே அளந்தார்களே, 1790-களில் அவ்வளவு நுட்பமான கருவியை யார் செய்தது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பாரிஸில் பட்டறை வைத்திருந்த எத்தியென் லெனுவார் (1744–1832) செய்தார். யோசனை, கடற்படை அதிகாரியும் கணித அறிஞருமான போர்டாவுடையது. அதைப் பித்தளையில் வார்த்து, கடைந்து, வேலை செய்ய வைத்தவர் லெனுவார். பாடநூல்கள் மீட்டரோடு தெலாம்பர், மெஷேன் என்ற இரண்டு வானியலாளர்களின் பெயரைச் சேர்த்துச் சொல்கின்றன. லெனுவார் பெயரும் அங்கே இருக்க வேண்டும்.

முக்கோண அளவீடு பள்ளியில் படித்ததுதான்: ஒரு பக்கத்தை நேரடியாக அளந்துவிட்டால், மற்றதெல்லாம் கோணங்களிலிருந்து கிடைத்துவிடும். டன்கர்க் முதல் பார்சிலோனா வரை அப்படித்தான் முக்கோணங்களைத் தொடுத்துக்கொண்டு போனார்கள். சிக்கல் கோணத்தில்தான். பாகைக் கோடுகள் கீறிய, 40 செ.மீ. விட்டமுள்ள பித்தளை வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலை, அதாவது ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு, வெறும் 0.001 மி.மீ. அகலம்தான். கோடு கீறும்போது ஊசி 0.01 மி.மீ. தள்ளிப் போனால் பத்து விகலை பிழை. 30 கி.மீ. தொலைவில் அது ஒன்றரை மீட்டர்.

லண்டனில் ராம்ஸ்டன், வட்டங்களில் கோடு கீறவே ஒரு இயந்திரம் செய்திருந்தார். பிரிட்டிஷ் தீர்க்கரேகை வாரியம் அவருக்கு 615 பவுண்டு கொடுத்து, மற்ற கைவினைஞர்களுக்கும் அதைக் கற்றுத்தர வேண்டும் என்று நிபந்தனை போட்டது. ஆராய்ச்சிக்கான பொதுப்பணத்தை இப்படித்தான் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஈடான இயந்திரம் பாரிஸில் அப்போது இல்லை. அதனால் போர்டாவும் லெனுவாரும் 1780-களில் வேறு வழியில் போனார்கள்: கோடுகளில் பிழை இருக்கட்டும், அதைப் பங்கு போட்டுக் குறைத்துவிடலாம். ஒரு தாளின் தடிமனை அறிய நூறு தாள்களை அடுக்கி அளந்து நூறால் வகுப்போமே, அதே உத்தி.

வட்டத்தின் முன்பக்கம் ஒரு தொலைநோக்கி, பின்பக்கம் இன்னொன்று. இரண்டும் ஒரே மைய அச்சில் தனித்தனியே சுழலும். ஒவ்வொன்றையும் இறுக்குத் திருகால் வட்டத்தோடு பிணைக்கலாம். முன் தொலைநோக்கியோடு, கோடுகளுக்கு இடைப்பட்ட பங்கையும் படிக்க உதவும் வெர்னியர் என்ற சிறு அளவுகோல்கள் சுழலும். முதலில் வட்டத்தைச் சாய்த்து, எவற்றுக்கு இடையிலான கோணம் வேண்டுமோ அந்த இரண்டு தொலைதூரக் குறிகளும் அதன் தளத்தில் வரும்படி வைக்க வேண்டும். முன் தொலைநோக்கியைச் சுழியத்தில் இறுக்கி, வட்டத்தையே திருப்பி வலது குறியைப் பார்க்க வேண்டும். பின் தொலைநோக்கியை இடது குறியில் வைத்து இறுக்க வேண்டும்.

இனிதான் அழகு. எதையும் தளர்த்தாமல், பின் தொலைநோக்கி வலது குறிக்கு வரும்வரை முழு வட்டத்தையும் சுழற்றுங்கள். முன் தொலைநோக்கி அந்தக் கோண அளவு வலப்பக்கம் தாண்டிப் போயிருக்கும். அதை மட்டும் தளர்த்தி இடது குறிக்குக் கொண்டுவந்தால், வட்டத்தின் மேல் அது கடந்த தூரம் கோணத்தைப் போல இரு மடங்கு. அதை இறுக்கிவிட்டு, அது வலது குறியைப் பார்க்கும்வரை முழு வட்டத்தையும் மறுபடி திருப்பி, பின் தொலைநோக்கியைத் தளர்த்தி இடது குறிக்குக் கொண்டுவந்தால் பழைய நிலை திரும்பிவிடும். ஆனால் வெர்னியர் சுழியத்தில் இல்லை, இரு மடங்கில் நிற்கிறது. இன்னொரு சுற்றில் நான்கு மடங்கு. பத்துச் சுற்றில் இருபது.

நடுவில் எதையும் படிக்க வேண்டியதில்லை. கடைசியில் வெர்னியர் 303 பாகை 10 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) காட்டுகிறது என்று வையுங்கள். ஒற்றைக் கோணம் சுமார் 51 பாகை என்று தெரிந்திருப்பதால், இரண்டு முழுச் சுற்றுகள் கழிந்திருக்கின்றன. மொத்தம் 1023 பாகை 10 கலை. இருபதால் வகுத்தால் 51 பாகை 9 கலை 30 விகலை. கோட்டில் இருபது விகலை பிழை இருந்தாலும் விடையில் ஒரு விகலைதான் வரும். 1787-ல் பாரிஸ்–கிரீனிச் இணைப்பு அளவீட்டில் ஆங்கிலேயர் கொண்டுவந்த ராம்ஸ்டன் தியோடலைட் என்ற கோண அளவைக் கருவியின் எடை 200 பவுண்டு. பிரெஞ்சுக்காரர்கள் கையால் தூக்கிச் செல்லும் லெனுவார் வட்டத்தோடு அதற்கு ஈடு கொடுத்தார்கள்.

முக்கோணத்தின் அந்த ஒரு பக்கத்தை நேரடியாக அளந்த அளவுகோல்களும் லெனுவாரின் கைவேலைதான். சுமார் 3.9 மீட்டர் நீளப் பிளாட்டினப் பட்டையின் மேல் செம்புப் பட்டை ஒன்றை ஒரு முனையில் மட்டும் பிணைத்தார். செம்பு அதிகம் விரிவதால், வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மறுமுனை ஏறக்குறைய 0.03 மி.மீ. நகரும். அதை நுண்ணோக்கியில் படித்தால் வெப்பநிலைத் திருத்தம் கிடைத்துவிடும். 1799-ல் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்ட பிளாட்டின மீட்டரையும் அவரே செய்தார்.

ஆனால் திரும்பத் திரும்ப அளப்பது, அங்குமிங்கும் சிதறும் பிழையைத்தான் குறைக்கும். ஒரே பக்கம் சாயும் பிழையை அது தொடாது. அச்சு தேய்ந்தாலோ ரசமட்டம் பிசகினாலோ, ஆயிரம் முறை அளந்தாலும் அதே பிழைதான் வரும். பார்சிலோனாவில் மெஷேன் இரண்டு இடங்களில் எடுத்த அட்சரேகைகள் சுமார் மூன்று விகலை, அதாவது தரையில் நூறு மீட்டர் அளவு, ஒத்துப்போகவில்லை. 1804-ல் இறக்கும்வரை அதை அவர் மறைத்தே வைத்திருந்தார். 1828-ல் நிக்கோலே என்ற வானியலாளர், தலைக்கு நேர் மேலே உள்ள உச்சிக்கு வடக்கே கடந்த விண்மீன்களையும் தெற்கே கடந்தவற்றையும் தனித்தனியாகக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தார். வேறுபாடு ஏறக்குறைய மறைந்துபோனது.

இன்னொரு பகை, இழுவை. தொலைநோக்கியைத் தளர்த்தி நகர்த்தும்போது உராய்வு வட்டத்தையும் இம்மியளவு கூடவே இழுக்கும். எப்போதும் ஒரே திசையில் இழுப்பதால் அது சுற்றுக்குச் சுற்று சேரும்; வகுத்தாலும் குறையாது. அதனால்தான் பின்னாளில் இம்முறையில் அளந்தவர்கள் கோணத்தை அளந்தபின், 360 பாகையில் மிச்சமுள்ள பகுதியையும் அதே திசையில் அளந்தார்கள். இரண்டையும் கூட்டி 360 வராவிட்டால், அந்த வித்தியாசத்தில் பாதியை ஒவ்வொன்றிலும் சரிக்கட்டினார்கள்.