மோட்டார் மாட்டுவது எளிது, நிறுத்துவதுதான் கடினம்

இடம்விட்டு இடம் கொண்டுபோகும் மரமறுக்கும் மில்லில் மரம் அசையாது. எஞ்சினையும், வளையமாகச் சுழலும் பட்டை வாளையும் சுமந்த தலைப்பகுதிதான் தண்டவாளத்தில் ஓடி மரத்தை அறுக்கும். அமெரிக்காவின் இந்தியானாவில் 1982-இல் தொடங்கிய வுட்-மைசர் போன்ற நிறுவனங்களால் இந்த வகை மில் சிறு பண்ணைகள்வரை போய்ச் சேர்ந்தது.

வாள் சுமார் 2 மி.மீ. மரத்தைத் தூளாகத் தின்றுவிடும். ஆகவே 25 மி.மீ. பலகை வேண்டுமென்றால் தலையை 27 மி.மீ. இறக்க வேண்டும். தலையை ஏற்றி இறக்குவது கைப்பிடி போட்ட ஒரு திருகு. அது ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்தும் என்றால் கைப்பிடியை 5.4 சுற்று சுற்றணும். திரும்பி வரும்போது வாள் மரத்தில் உரசாமலிருக்கத் தலையைத் தூக்க வேண்டும், அப்புறம் மறுபடி இறக்க வேண்டும். ஒவ்வொரு பலகைக்கும் இதே கதை. கை வலிப்பது ஒருபுறம், எண்ணிக்கை தவறுவது இன்னொருபுறம்.

சரி, கைப்பிடிக்குப் பதில் திருகைச் சுழற்ற மோட்டார் வைக்கலாம். தலை 150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதை நொடிக்கு 10 மி.மீ. தூக்க வெறும் 15 வாட் போதும். திருகின் உராய்வில் 70 சதவீதம் போனாலும் 50 வாட்தான். மோட்டாரின் சொந்த இழப்பைச் சேர்க்காமல் 12 வோல்ட் பேட்டரியில் நாலு ஆம்பியருக்குச் சற்று மேல். கிளம்பும் நொடியில் இதைவிடப் பல மடங்கு இழுக்கும் என்பதால் கம்பியும் ஃபியூஸும் அதற்கேற்ற தடிமனில் இருக்க வேண்டும்.

அந்த உராய்வைக் குறைக்க ஆசைப்படாதீர்கள். பாதிக்கு மேல் வீணடிக்கும் திருகுதான் கரண்ட் நின்றதும் எடையால் தானாகச் சுழலாமல் நிற்கும். புரிகளுக்கிடையே குண்டுகள் உருளும், உராய்வு குறைந்த பால் ஸ்க்ரூவைப் போட்டால் தனியாக பிரேக் தேவைப்படும்.

சுவிட்சை விட்டதும் மோட்டார் கொஞ்சம் ஓடித்தான் நிற்கும். காந்தம் பொருத்திய டிசி மோட்டாரின் இரு முனைகளையும் அப்போது ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், அதுவே ஜெனரேட்டராக மாறித் தன் ஓட்டத்தைத் தானே எதிர்க்கும். சட்டென்று நிற்கும்.

இன்னும் நுட்பமான சிக்கல், திருகில் ஓடித் தலையைத் தாங்கும் நட்டில் உள்ள ப்ளே, அதாவது புரிகளுக்கு இடையிலான தளர்வு. தலையின் எடை நட்டை எப்போதும் கீழ்நோக்கி அழுத்துவதால் ப்ளே தெரியாது என்றுதான் தோன்றும். ஆனால் தலை ஏறி இறங்கும் தூணில் தூளும் பிசினும் படிந்து தலை ஒட்டிக்கொண்டால் நட்டு மட்டும் இறங்கும், தலை தொங்கும். வாள் ஓடும் அதிர்வில் அது திடீரென விழுந்தால் பலகையின் நடுவில் தடிமன் மாறிவிடும். எனவே தேவையான அளவைத் தாண்டி இறக்கி, பிறகு மேலே ஏற்றி நிறுத்துவது நல்லது. ஏற்றும்போது திருகுதான் தலையைத் தள்ளுகிறது, ஏமாற்ற வழியில்லை.

தலையின் உயரத்தை அளக்கும் சென்சாரையும் மோட்டார் தண்டில் வைப்பதைவிடத் தலையோடு நகரும்படி வைப்பது மேல். மோட்டாரையும் திருகையும் இணைக்கும் சங்கிலியின் தளர்வு அப்போது கணக்கில் நுழையாது. மரத்தூளுக்கு நடுவே ஒளி சென்சாரைவிடக் காந்த சென்சார் உருப்படும்.