கூடுதல் நேரம் கேட்கத் தயங்காதீர்கள்

தேர்வு மதிப்பெண்ணை வைத்துப் பல்கலைக்கழக இடம் கொடுப்பது நியாயமா என்ற பேச்சு வந்தால், பெற்றோர் பலரும் டியூஷனைத்தான் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். 2023 குடும்பச் செலவு ஆய்வின்படி சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஓராண்டில் டியூஷனுக்குச் செலவழித்தது 180 கோடி வெள்ளி. வசதியான வீடுகள் செலவழிப்பது, வருமானம் குறைந்த வீடுகளைப் போல நான்கு மடங்குக்கும் மேல். ஆனால் கல்வி உளவியலாளராக நான் அடிக்கடி பார்க்கும் அநியாயம் இன்னொன்று. அதில் பாதியையாவது நம் வீடுகளிலேயே தடுக்கலாம்.

டிஸ்லெக்சியா (அறிவுத்திறன் இருந்தும் வாசிப்பதில் ஏற்படும் சிரமம்) உள்ள ஒரு ஜேசி (தொடக்கக் கல்லூரி) மாணவரிடம், ஏ-லெவல் தேர்வில் ஆங்கிலத்தில் எழுதும் ஜெனரல் பேப்பர் பாடத்தில் வருவது போன்ற ஒரு பக்கத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்வேன். வரிக்கு அடியில் விரலை வைத்து நகர்த்துவார். நீளமான சொல் வந்தால் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து ஊகிப்பார். பொருள் ஒட்டாது. வரியின் தொடக்கத்துக்கே திரும்புவார். கருத்தறிதல் தாளுக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான். வாசித்து முடிக்கவே பெரும்பகுதி போய்விடும். அதே பக்கத்தை நான் வாசித்துக் காட்டிவிட்டுக் கேள்வி கேட்டால், எழுதியவரின் வாதம் எந்த இடத்தில் பலவீனமாகிறது என்பதைச் சட்டென்று பிடித்துவிடுவார். சிந்தனையை அளக்க வைத்த தேர்வு, இவருக்கு மட்டும் வாசிப்பு வேகத்தை அளக்கிறது. இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

2026 சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான அதிகபட்சப் புள்ளிகள் 90இலிருந்து 70ஆகக் குறைந்துள்ளன. மாணவர்களின் சுமையைக் குறைக்கும் நல்ல மாற்றம் இது. இருந்தாலும் ஜெனரல் பேப்பரின் 10 புள்ளிகள் அப்படியே இருக்கின்றன. ஒன்பதில் ஒரு பங்காக இருந்தது இப்போது ஏழில் ஒரு பங்கு. ஆங்கிலத்தை மெதுவாக வாசிக்கும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், தனி அறை போன்ற ஏற்பாடுகளைத் தேசியத் தேர்வுகளுக்கு, பள்ளி வழியாக, நிபுணர் அறிக்கையுடன் கேட்கலாம். வினாத்தாள் அதேதான், திருத்தும் அளவுகோலும் அதேதான். 90 நிமிடத் தாளுக்குக் கால் பங்கு கூடுதலாகக் கிடைத்தால் இருபத்திரண்டரை நிமிடம் சேரும். மேலே சொன்ன மாணவர் கடைசிக் கேள்விவரை எழுதிவிட அது போதும்.

சரி, பெற்றோர் ஏன் இதைக் கேட்பதில்லை? “சர்டிபிகேட்ல போட்டுருவாங்களா, மேடம்? நாளைக்கு வேலைக்குப் போறப்ப பார்ப்பாங்களே” என்று அப்பாக்கள் கேட்கிறார்கள். பாட்டி, “அவனுக்குச் சோம்பேறித்தனம், வேறென்ன?” என்று முடித்துவிடுகிறார். அப்பாவின் பயத்தை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வைக் கூடுதல் நேரத்தில் எழுதியவர்களின் மதிப்பெண்ணில் அதைக் காட்டும் குறி ஒன்று இருந்தது. வேறொரு தேர்வில் இதே வழக்கத்தை எதிர்த்து, உடற்குறை உள்ள ஒருவர் நீதிமன்றம் போனார். அதன் தொடர்ச்சியாக 2003இல் எஸ்ஏடியிலும் அந்தக் குறியை எடுத்தார்கள். இங்கே பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: கூடுதல் நேரம் கேட்பது வேறு, வாய்மொழித் தேர்வு போன்ற ஒரு பகுதியிலிருந்தே விலக்குக் கேட்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, கேட்காமலே இருந்துவிடாதீர்கள். நீங்கள் கேட்கப்போகும் ஏற்பாடு சான்றிதழில் வருமா என்று பள்ளியிடம் நேராகவே கேளுங்கள்.

பாட்டிக்கும் ஒரு வார்த்தை: தொடக்கநிலை மூன்று, நான்கு வகுப்புகளில் டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தனி வாசிப்புப் பயிற்சி இருக்கிறது. சோம்பேறிப் பிள்ளைக்கு அதை யாரும் ஏற்படுத்தவில்லை.

ஜேசி இரண்டாம் ஆண்டில், தேர்வு நெருங்கும் நேரத்தில் என்னிடம் வருபவர்கள்தான் அதிகம். மதிப்பீட்டுக்கே நாளாகும், பள்ளிக்கும் கால அவகாசம் வேண்டும். முதலாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே பள்ளியில் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களைக் கவனிப்பவரைப் பாருங்கள். தொடக்கநிலையில் எடுத்த அறிக்கை கையில் இருந்தால் அது இப்போதும் செல்லுமா என்று கேளுங்கள். அப்புறம், நேரம் கிடைத்தாலும் அதைப் பயன்படுத்திப் பழக வேண்டும். எந்த நிமிடத்தில் வாசிப்பை நிறுத்தி எழுதத் தொடங்குவது என்பது பள்ளித் தேர்வுகளில் எழுதிப் பார்த்தால்தான் கைவரும். அதனால் அந்தத் தேர்வுகளுக்கே இந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்குங்கள்.