ஷார்ட் சீ ஷிப்பிங்: குறுகியது கடலா, பயணமா?

ஷார்ட் சீ ஷிப்பிங் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்? சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'குறுங்கடல் கப்பல் போக்குவரத்து' என்று வரும். கேட்பவர் வரைபடத்தில் ஏதோ சின்னக் கடலைத் தேடப் போய்விடுவார். இங்கே குறுகியது கடல் அல்ல, பயணம். பெருங்கடலைக் கடக்காமல், ஒரே கண்டத்தின் துறைமுகங்களுக்குள்ளோ பக்கத்துக் கரைகளுக்கு இடையிலோ சரக்கைக் கொண்டுபோவதுதான் இது. எதிர்ச்சொல்லான டீப் சீ என்பதும் ஆழத்தைக் குறிப்பதில்லை. கண்டம் விட்டுக் கண்டம் போகும் நெடும்பயணத்தையே குறிக்கிறது.

பிரெஞ்சு, ஸ்பானியம், ஜெர்மன் மூன்றும் இந்தக் குழப்பத்துக்கு இடம் வைக்கவில்லை. மூன்றிலும் 'குறுந்தொலைவுக் கடற்போக்குவரத்து' என்ற பொருளில்தான் சொல் இருக்கிறது.

கப்பல்காரர்களின் பேச்சில் இருந்த இந்தச் சொல் கொள்கை ஆவணங்களுக்குள் வரக் காரணம் லாரிகள். ஐரோப்பாவின் சாலைகளில் நெரிசல் கூடியபோது, சரக்கில் ஒரு பங்கைக் கடலுக்கு மாற்றலாமே என்று ஐரோப்பிய ஒன்றியம் யோசித்தது. 2001ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை 'கடல் நெடுஞ்சாலைகள்' என்ற அழகான உவமையைக் கொண்டுவந்தது. 2011 அறிக்கை, 300 கிலோமீட்டருக்கு மேல் சாலையில் போகும் சரக்கில் 30 சதவீதம் 2030க்குள் ரயிலுக்கோ நீர்வழிக்கோ மாற வேண்டும் என்று இலக்கு வைத்தது. சொல்வது சுலபம். லாரி வாசலில் ஏற்றி வாசலில் இறக்கிவிடும். கப்பலுக்கோ இரண்டு பக்கமும் துறைமுகம், காத்திருப்பு, காகித வேலை, அப்புறம் மறுபடி ஒரு லாரி. டிரெய்லரை அப்படியே கப்பலுக்குள் உருட்டி ஏற்றும் ரோ-ரோ முறை இந்தச் சிக்கலைக் கொஞ்சம் குறைக்கிறது.

சரி, 'கரையோரக் கப்பல் போக்குவரத்து' என்றால் போதாதா? போதாது. வட கடலைக் குறுக்கே கடந்து இங்கிலாந்திலிருந்து நார்வே போகும் கப்பலும் இந்த வகைதான். அது கரையை ஒட்டிப் போவதில்லை. கபோட்டாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லும் வேறு. கரையோரமாகத் துறைக்குத் துறை போவதைக் குறித்த அது, இன்று ஒரே நாட்டின் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்றிச்செல்லும் உரிமையைக் குறிக்கும் சட்டச்சொல். 'உள்நாட்டுக் கடல் வணிகம்' என்பது அதற்குப் பொருந்தும்.

என் தேர்வு 'அண்மைக் கடற்போக்குவரத்து'. அண்மைச்சுட்டு, சேய்மைச்சுட்டு என்று இலக்கண வகுப்பில் படித்த இணை நம் கையிலேயே இருக்கிறது. டீப் சீ ஷிப்பிங் 'சேய்மைக் கடற்போக்குவரத்து' ஆகிவிடும். ஒன்றைச் சொன்னால் மற்றது தானே விளங்கும். 'குறுந்தொலைவு' என்பதும் பிழையில்லை, நீளம்தான் குறை. நெதர்லாந்தின் ரோட்டர்டாம் துறைமுகத்தில் பெரிய கப்பல் இறக்கும் கண்டெய்னர்களைச் சிறு கப்பல்கள் பால்டிக் துறைமுகங்களுக்கு எடுத்துப்போகின்றன. 'சேய்மையில் வந்த சரக்கு அண்மையில் பிரிகிறது' என்று அதை ஒரே வரியில் எழுதிவிடலாம்.