கறுப்பி மோப்பம் பிடிப்பதை நிறுத்திய இடம்

ஜூலை மாதக் காலை. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ஷெனண்டோவா தேசியப் பூங்காவின் ஓக் மரங்களுக்கு அடியில் ஏறிச் செல்லும் ஒற்றையடிப் பாதை. முதல் ஒரு மணி நேரம் என் நாய் கறுப்பி வேர், கல், விழுந்த கிளை என ஒன்று விடாமல் முகர்ந்துகொண்டே வந்தாள். மான் கடந்த இடத்தில் வாரை இழுத்தும் நகர மறுத்தாள். பிறகு பாதை செங்குத்தானது. கால் மணி நேரம் போனபின்தான் கவனித்தேன், அவள் எதையும் முகரவில்லை. வாய் அகலத் திறந்திருந்தது, நாக்கு ஒரு பக்கமாகத் தொங்கியது. இப்போதுதான் ஒழுங்காக நடக்கிறாள் என்று மகிழ்ந்துபோனேன். அது ஒழுங்கு அல்ல. அவள் மூக்கு வேறு வேலைக்கு மாறிவிட்டிருந்தது.

நாயின் மூக்கு என்றாலே நமக்கு மோப்பம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதே மூக்குதான் அதன் உடலைக் குளிரவைக்கும் கருவியும். சமவெளியில் இரண்டு வேலைகளும் மாறி மாறி நடந்துவிடும். ஏற்றத்தில்தான் ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டிவருகிறது.

தசை செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான் உடலை மேலே தூக்குகிறது. மீதி முழுவதும் சூடாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. மனிதனுக்கு உடல் முழுக்க வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. சட்டை நனைந்தால் சூடு தணியும். நாய்க்கு அந்த வகைச் சுரப்பிகள் பாதங்களின் அடிப்பகுதியில் மட்டுமே உண்டு. அந்த ஈரம் பிடிமானத்துக்கு உதவலாம், உடலைக் குளிர்விக்கப் போதாது. ஆகவே நாய் தன் உள்ளே இருக்கும் ஈரத்தை நம்பியிருக்கிறது.

நாயின் நீண்ட மூக்குக்குள், சுருட்டிய காகிதம்போல மெல்லிய எலும்புத் தகடுகள் மடிந்து மடிந்து அடைந்திருக்கின்றன. அவற்றின் மேல் எப்போதும் ஈரமான, இரத்தக் குழாய்கள் நிறைந்த சவ்வு போர்த்தியிருக்கிறது. மடிப்புகளால் அந்தச் சிறிய இடத்துக்குள் பெரிய ஈரப்பரப்பு அடங்கிவிடுகிறது. காற்று அதன்மேல் பாயும்போது நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அரை லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி குளிரவைக்க அது தாராளமாகப் போதும். இந்த ஆவியாதலுக்கான நீரில் ஒரு பகுதியை மூக்கின் பக்கவாட்டில் உள்ள ஒரு சுரப்பி தருகிறது. நமக்கு வியர்வைச் சுரப்பி செய்வதை அது அங்கே செய்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மூக்கு வழியே இழுத்த காற்றை மூக்கு வழியே வெளியே விட்டால், உள்ளிருந்து வரும் வெதுவெதுப்பான ஈரக்காற்று, குளிர்ந்திருக்கும் அந்தச் சவ்விலேயே சூட்டையும் நீரையும் மறுபடி இறக்கிவிட்டுப் போகும். சாதாரண மூச்சில் அது நல்லது, நீர் வீணாகாது. சூடேறிய நாய்க்கு அது ஆகாது. உடலியல் அறிஞர் க்நுட் ஷ்மிட்-நீல்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் 1970இல் இதற்கான விடையைக் காட்டினார்கள். இரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கால் காற்றை இழுத்து, வாயால் வெளியே தள்ளுகிறது. காற்று ஒருவழிப் பாதையில் போவதால், மூக்கில் எடுத்த சூடு திரும்பி வராமல் நாக்கைத் தாண்டி வெளியேறுகிறது. எவ்வளவு காற்றை வாய் வழியே விடுவது என்பதைக் கூட்டிக் குறைத்து, எவ்வளவு குளிர்வது என்பதை நாயின் உடல் தீர்மானிக்கிறது. இவ்வளவு நுட்பமான ஒன்றை நாம் ‘நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது’ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

நிமிடத்துக்கு 300 முறைக்கு மேல் இப்படி மூச்சு விட்டால், மார்புத் தசைகளே புதிதாகச் சூட்டை உண்டாக்காதா? 1962இல் யூஜீன் கிராஃபர்ட் அளந்து பார்த்தார். நாய் இரைக்கும் வேகம், அதன் நெஞ்சுக்கூடும் நுரையீரலும் இயல்பாகவே அதிரும் வேகத்தோடு ஒத்துப்போனது. ஊஞ்சலை அது ஆடும் தாளத்திலேயே தள்ளினால் விரல் நுனி போதும், அதுபோலத்தான். மூச்சும் ஆழமானதல்ல. பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் மட்டுமே காற்று போய்வருவதால், இரத்தத்தில் உள்ள கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதில்லை.

மோப்பம் பிடிக்கும்போது நடப்பது வேறு. வாயை மூடி, நொடிக்கு ஐந்து முறைபோலக் காற்றைச் சிறுசிறு மிடறாக இழுத்து, மூக்கின் பின்கோடியில் உள்ள மோப்ப அறைக்கு நாய் அனுப்புகிறது. வாயைத் திறந்து இரைத்தால் காற்றின் பாதை மாறிவிடும். இஸ்ரேலில் வெடிபொருள் தேடும் நாய்களை ஓடவைத்துச் சோதித்த ஆய்வு ஒன்று 2003இல் வெளிவந்தது. இரைப்பு கூடக் கூட அவை கண்டுபிடிப்பது குறைந்தது. தொடர்ந்து பயிற்சி கொடுத்தபின் அவை மீண்டன என்பதும் அதில் இருந்தது. கறுப்பி கல்லை முகராமல் கடந்ததன் பொருள் இப்போது புரிகிறது. அவளால் அந்த வேலைக்கு மூக்கைத் தர முடியவில்லை.

காட்டு நிழல் பாதுகாப்பு என்று நான் நம்பியிருந்தேன். நிழல் வெயிலைத்தான் தடுக்கும். கோடையில் அந்த மரங்களுக்கு அடியில் காற்று அசையாமல், ஈரம் கனத்து நிற்கும். ஏற்கெனவே ஈரமான காற்று புதிய நீராவியைச் சிரமப்பட்டுத்தான் ஏற்கும். சென்னையின் புழுக்கத்தில் நம் வியர்வை காயாமல் வழிவதைப் போன்றதே இது. முகம் தட்டையான பக், புல்டாக் போன்ற நாய்களுக்கு நிலைமை இன்னும் மோசம். மூக்கின் நீளத்தைக் குறைத்தபோது நாம் குறைத்தது அவற்றின் குளிர்விக்கும் பரப்பையும்தான். அழகுக்காக அப்படி வளர்த்தெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வெப்பத்தால் நாய்கள் சாவது பூட்டிய காரில்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். பிரிட்டனின் கால்நடை மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2020இல் வந்த ஆய்வில், காரணம் தெரிந்த வெப்ப நோய்களில் நான்கில் ஏறக்குறைய மூன்று ஓட்டம், நடை போன்ற உடலுழைப்பால் வந்தவை. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 டிகிரி வரை. கடும் உழைப்பில் அது 41ஐத் தொடுவதும் உண்டு. பழகிய நாய் ஓய்வெடுத்து மீண்டுவிடும். மேலே போனது இறங்காவிட்டால் குடலும் சிறுநீரகமும் சிதையத் தொடங்கும். நின்ற பிறகும் சில நிமிடங்கள் சூடு ஏறிக்கொண்டே இருக்கும் என்பதுதான் இதில் ஏமாற்றுவது. நாக்கு முனை கரண்டிபோல் அகன்று, ஈறு கடுஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் அடுத்த வளைவுவரை போய்ப் பார்க்கலாம் என்று எண்ணக் கூடாது. முதலில் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும், அதன் பிறகே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

ஷெனண்டோவாவில் 6 அடிக்கு மிகாத வாரில் கட்டி, பெரும்பாலான பாதைகளில் நாயை அழைத்துப் போகலாம். பாறைகளில் தவழ்ந்து ஏற வேண்டிய ஓல்ட் ராக் போன்ற சிலவற்றில் அனுமதி இல்லை. தெற்கே கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவிலோ இரண்டே குறும்பாதைகள்தாம். வீடு திரும்பியதும் உண்ணி இருக்கிறதா என்று காதுமடல் முதல் விரலிடுக்கு வரை தடவிப் பார்ப்பதும் வேண்டும்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பணிநாய் மையத்தில், ஓடிக் களைத்த நாய்களை நான்கு வழிகளில் குளிரவைத்து ஒப்பிட்டார்கள். வாளித் தண்ணீரில் நாய் தானாகவே தலையை முக்கி எடுப்பதுதான் எல்லாவற்றையும் விட விரைவாகப் பலன் தந்தது. நினைவு தெளிவாக, மூச்சை அடக்கக்கூடிய நிலையில் உள்ள நாய்க்கு மட்டுமே அது பொருந்தும். தள்ளாடும் நாயின் தலையை நீரில் அமுக்குவது ஆபத்து.

அன்று நான் கறுப்பியைத் திருப்பி, கீழே ஓடையருகே அழைத்து வந்தேன். வயிறு நனையப் படுத்தாள். இரைப்பு சற்றுத் தணிந்ததும், நீரடியில் கிடந்த ஒரு கூழாங்கல்லை எடுக்கத் தானாகவே முகத்தை முக்கினாள். தலையை உதறினாள். இருபது நிமிடம் போயிருக்கும். வாய் மூடியது. கரையோரம் கிடந்த ஈரக் கட்டையிடம் போய் நின்று, நெடுநேரம் முகர்ந்துகொண்டிருந்தாள். நான் வாரை இழுக்கவில்லை.