வலிக்கிற இடத்தில் ரோலரை உருட்டாதீர்கள்: பாலே ஆடுபவர்களுக்கும் பெற்றோருக்கும்

கணைக்கால் வலி என்று வரும் பாலே மாணவியிடம் இதுவரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால் பதில் எப்போதும் ஒன்றுதான்: "ரோலர் போட்டேன்." (ஃபோம் ரோலர்: தசையை அழுத்தி உருட்டும் நுரை உருளை.) எத்தனை நாளாக? "ஆறு வாரமா." குறைந்ததா? "போட்டதும் குறையும், கிளாஸ் முடியறப்போ திரும்ப வந்துடும்." முன்பக்க எலும்பின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தால், ஒரே ஓர் இடத்தில், விரல்நுனி அகலத்தில், காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறார். அங்கே வலிப்பது தசை இல்லை. எம்ஆர்ஐ எடுத்தால் எலும்பில் களைப்பு விரிசல். ஆறு வாரம் குதிக்காமல் இருந்திருந்தால் பெருமளவு ஆறியிருக்கக்கூடிய எலும்பு. அந்த ஆறு வாரத்தையும் உருட்டியே கழித்திருக்கிறார்கள்.

இதே வரிசை மாறாமல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருப்பதால்தான் இந்தப் பதிவு.

ஃபோம் ரோலர் கெட்ட கருவி என்று சொல்ல வரவில்லை. அது செய்யும் வேலை சின்னது. நாம் அதன் தலையில் ஏற்றி வைத்திருக்கும் எதிர்பார்ப்புதான் பெரிது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 11 பேரின் முன்தொடையில் ஒரு நிமிடம் வீதம் இரண்டு முறை உருட்டிப் பார்த்தார்கள். இரண்டு நிமிடம் கழித்து முழங்கால் 10 டிகிரி கூடுதலாக மடங்கியது. பத்து நிமிடம் கழித்து 8 டிகிரி. தசையின் பலம் குறையவில்லை. ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்து ஸ்ட்ரெச் செய்தால் சற்று நேரம் பலம் குறையும். ரோலரில் அந்தத் தொல்லை இல்லை என்பது உண்மையான லாபம். 2019இல் 21 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கட்டுரையின் கணக்கு இன்னும் அடக்கமானது: பயிற்சிக்கு முன் உருட்டினால் நெகிழ்வு சராசரியாக 4 சதவீதம் கூடுகிறது, பயிற்சிக்குப் பின் உருட்டினால் தசைவலி உணர்வு 6 சதவீதம் குறைகிறது. இவ்வளவுதான். நல்ல தூக்கத்தோடு ஒப்பிட்டால் இது ஊறுகாய்.

அடுத்து, என்னை மிகவும் எரிச்சலூட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன். "முடிச்சை உடைக்கிறேன்", "ஃபேசியாவை (தசையைச் சுற்றியுள்ள உறையை) இளக்குகிறேன்", "ஐடி பேண்டை நீளமாக்குகிறேன்."

ஐடி பேண்ட் என்பது இடுப்பின் பக்கவாட்டிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ஓடும், தொடை உறையின் தடித்த பட்டை. தசையே இல்லை. சுருங்காது, அதனால் பிடித்துக்கொள்ளவும் செய்யாது. தொடையைச் சுற்றியுள்ள இதே உறையை 1 சதவீதம் மட்டும் நசுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று 2008இல் கணக்கிட்டார்கள். 9075 நியூட்டன். கிலோவில் சொன்னால் 925. ஒரு சின்ன காரை ஏற்றி நிறுத்த வேண்டும். 48 கிலோ எடையுள்ள பெண் கையையும் மறுகாலையும் தரையில் ஊன்றிக்கொண்டு ரோலரில் படுத்தால் அதன் மேல் விழுவது 25 கிலோ இருந்தால் அதிகம். அதில் 1 சதவீதம்கூட நசுங்காத பட்டை எங்கிருந்து நீளும்?

பிறகு ஏன் உருட்டியதும் லேசாக இருக்கிறது? நரம்பு மண்டலம்தான். அழுத்தம் பட்ட இடத்தில் வலியையும் இழுவையையும் உடம்பு சற்று நேரம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்கிறது. ஒரு காலை மட்டும் உருட்டினால், தொடாத மறுகாலிலும் வலி தாங்கும் அளவு கூடுவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். ரோலர் படாத காலில் எந்த முடிச்சு உடைந்தது? இந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லிவிட்டு அப்புறம் முடிச்சைப் பற்றிப் பேசலாம். (நம் ஊரில் தசைநாண், ரத்தக்குழாய், நரம்பு மூன்றுமே "நரம்பு"தான் என்பதால் "நரம்பு சுருட்டிக்கிச்சு, உருவி விடணும்" என்ற பாட்டி வைத்தியம் ரோலருக்கு அப்படியே குடிமாறிவிட்டது.)

"வலித்தால்தான் வேலை செய்கிறது" என்பதும் இதே குடும்பம். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு உருட்டினால் தசை தளராது, தற்காப்பாக இறுகும். பத்துக்கு ஐந்து அல்லது ஆறு என்ற அளவு அழுத்தம் போதும். உருட்டும்போது சாதாரணமாகப் பேச முடிய வேண்டும். மறுநாள் தொடையில் நீலம் பாரித்திருந்தால் அதைச் சாதனையாகப் படம் எடுத்துப் போடாதீர்கள். அதற்குப் பெயர் காயம்.

பாலேக்காரர்கள் ஐடி பேண்டை விடாமல் உருட்டுவதற்கு இன்னொரு காரணம் டர்ன்-அவுட், அதாவது கால்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்பது. கால் வெளிப்பக்கம் திரும்புவதில் பெரும்பகுதி இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். அது எவ்வளவு வரும் என்பதை மூட்டுக்கிண்ணத்தின் ஆழமும், அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதும், தொடை எலும்பின் கழுத்து எத்தனை டிகிரி முன்னோக்கி முறுக்கியிருக்கிறது என்பதும்தான் முதலில் தீர்மானிக்கின்றன. பெரியவர்களிடம் அந்த முறுக்கு சராசரியாக 15 டிகிரி. கூடுதலாக முறுக்கியவருக்கு டர்ன்-அவுட் குறைவாகத்தான் வரும். எலும்பின் வடிவத்தை ரோலர் மாற்றாது. எலும்பு விட்டுக்கொடுக்கும் அளவையாவது முழுதாகப் பயன்படுத்த வேண்டும் என்றால் பிட்டத்தின் ஆழத்தில் உள்ள திருப்பும் தசைகளுக்குப் பலம் வேண்டும். இடுப்பு தராததைப் பாதத்தைத் தரையில் ஒட்டவைத்து முழங்காலைத் திருகி வாங்கினால், பில் முழங்காலின் உட்பக்கத்துக்கும் பாதத்தின் வளைவுக்கும் வரும். பரதநாட்டியத்தின் அரைமண்டிக்கும் இதே இடுப்புதான், இதே கணக்குதான். அரைமண்டி விரியவில்லை என்று தொடையின் வெளிப்பக்கத்தை உருட்டும் பிள்ளைகளையும் பார்க்க முடிகிறது.

எப்போது உருட்டுவது? பெரும்பாலோர் வகுப்பு தொடங்கும் முன் இருபது நிமிடம் தரையில் புரள்கிறார்கள். கிடைக்கும் நெகிழ்வு பத்து, மிஞ்சினால் இருபது நிமிடத்தில் கரைந்துவிடும். பார் பயிற்சி (கம்பியைப் பிடித்துச் செய்வது) ப்ளியேயில் (முழங்காலை மடக்கி இறங்குவது) தொடங்கி கிராண்ட் பாட்மாவுக்கு (காலை உயர வீசுவது) வந்து சேரவே அரைமணிக்கு மேல் ஆகும். காலை உயரத் தூக்கும் நேரத்தில் ரோலரின் பங்கு எதுவும் மிச்சமிருக்காது. உடம்பைத் தயார்செய்தது அந்த அரைமணி பார் வேலைதான். ஆகவே வகுப்புக்கு முன் மொத்தம் ஐந்து நிமிடம் போதும், அதுவும் உண்மையிலேயே விறைப்பாக இருக்கும் இரண்டு இடத்துக்கு மட்டும். எழுந்ததும் கிடைத்த நெகிழ்வை அசைவில் பயன்படுத்துங்கள். ரோலர் நன்றாக உதவும் நேரங்கள் வேறு: இரண்டு ஒத்திகைகளுக்கு நடுவே உட்கார்ந்து உடம்பு ஆறிப்போனபோது, அல்லது இரவு படுக்கும் முன்.

வாங்கும்போது 15 செ.மீ. விட்டம், 45 அல்லது 60 செ.மீ. நீளம், மேற்பரப்பு வழுவழுப்பானது. முள்முள்ளாகப் புடைத்திருக்கும் ரோலர் மெலிந்த உடம்புக்குத் தேவையே இல்லை. 16 வயதுக்குக் கீழே மென்மையான ரகம்தான்.

கெண்டைக்கால் பாலேயில் அதிகம் உழைக்கும் தசை, ஆகவே அதைச் சரியாகக் கற்றுக்கொள்ளுங்கள். தரையில் உட்கார்ந்து, ஒரு காலின் கெண்டைக்குக் கீழே ரோலரை வைத்து, கைகளைப் பின்னால் ஊன்றி, இடுப்பைச் சற்றே தூக்குங்கள். குதிகாலுக்கு மேலே கயிறு போல இருக்கும் தசைநாணை விட்டுவிட்டு, தசை தொடங்கும் இடத்திலிருந்து முழங்கால் மடிப்புக்கு நான்கு விரல்கடை கீழே வரை. விநாடிக்கு இரண்டு மூன்று செ.மீ. வேகம். கூடுதலாக வலிக்கும் இடம் தட்டுப்பட்டால் அங்கே நின்று, பாதத்தை மேலும் கீழும் எட்டுப் பத்து முறை அசையுங்கள். ஒரு காலுக்கு 45 விநாடி, இரண்டு சுற்று. அழுத்தம் போதவில்லை என்றால் மட்டும் மறுகாலை மேலே போடலாம். முடித்ததும் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கிப் பத்து முறை முன்னே சாயுங்கள், பிறகு இரண்டு காலிலும் மெதுவாகப் பத்து ரெலெவே (குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் எழுவது). இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

முன்தொடைக்குக் குப்புறப் படுத்து, முழங்கால் சில்லுக்கு ஒரு சாண் மேலிருந்து தொடை இடுக்குக்கு ஒரு கை அகலம் கீழே வரை. இடுப்பு தொய்ந்து முதுகு வளையக் கூடாது. உள்தொடைக்கு ரோலரை உடம்புக்கு இணையாக வைத்து, காலைத் தவளைபோல மடக்கி, கீழ்ப்பாதியை மட்டும் உருட்டுங்கள். மேல் உட்பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய்கள் போகின்றன. மேல்முதுகை வளைக்க ரோலரைத் தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே குறுக்கே வைத்து, தலையைக் கையால் தாங்கி, சிறிது சிறிதாகப் பின்னால் சாய்ந்து எழுந்தால் போதும். கடைசி விலா எலும்புக்குக் கீழே ரோலர் இறங்கவே கூடாது. பாலேயில் ஏற்கெனவே கீழ்முதுகு தேவைக்கு மேல் வளைகிறது. பிட்டத்தை உருட்டும்போது காலில் மின்சாரம் ஓடுவதுபோல் இருந்தால் சயாட்டிக் நரம்பின் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள், நகருங்கள். முழங்காலுக்கு வெளிப்பக்கம் சற்றுக் கீழே துருத்தும் சின்ன எலும்பையும், முழங்காலின் பின்குழியையும் தொடாதீர்கள். பாதத்துக்கு டென்னிஸ் பந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு நிமிடம். கோல்ஃப் பந்தின் மேல் ஏறி நிற்பது வீரமில்லை.

வலியைத் தரம்பிரிக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். பயிற்சிக்கு மறுநாள் இரண்டு காலிலும் பரவலாக வலித்து, மூன்று நாளில் போய்விடுவது தசைக் களைப்பு, தாராளமாக உருட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும், விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில், இரவிலும் வலித்தால் ரோலரைத் தொடாதீர்கள். கணைக்கால் எலும்பும், பாதத்தில் இரண்டாம் விரலுக்கு நேர்மேலே உள்ள எலும்பும் பாலேயில் விரிசல் விடும் இடங்கள். ஒற்றைக் காலில் குதிக்கவைத்து வீட்டிலேயே பரிசோதிக்கும் பெற்றோர்களே, தயவுசெய்து வேண்டாம்.

உட்காரும் எலும்பின் அருகே, காலைத் தூக்கும்போது வலித்தால், பின்தொடைத் தசைநாண் எலும்பில் ஒட்டும் இடம் புண்பட்டிருக்கலாம். அதன் மேல் உருட்டுவதும் ஸ்ப்ளிட்ஸில் (கால்களை முழுதாக விரித்து உட்காருவது) அமுக்குவதும் அதை மேலும் நசுக்கும். பாயின்ட் ஷூவில் (விரல்நுனியில் நிற்பதற்கான பாலே காலணி) ஏறும்போது கணுக்காலின் பின்பக்கம் குத்தினால், அங்கே சிலருக்குக் கூடுதலாக இருக்கும் சிறு எலும்பு இடுக்கில் சிக்கியிருக்கலாம். கெண்டைக்காலை நாள் முழுக்க உருட்டினாலும் போகாது. ரெலெவேயில் கணுக்காலின் உட்பக்கம் பின்னால் வலித்து, பெருவிரல் சிக்கிச் சிக்கி நகர்ந்தால் அது பெருவிரலை மடக்கும் தசைநாணின் அழற்சியாக இருக்கலாம். ப்ளியே ஆழமாக வரவில்லையா? முழங்காலைச் சுவரை நோக்கித் தள்ளிப் பாருங்கள். பின்னால் இழுத்தால் தசை, ரோலர் உதவலாம். முன்னால் கிள்ளுவதுபோல் இருந்தால் மூட்டு, ரோலருக்கு அங்கே வேலை இல்லை. நீண்ட விமானப் பயணத்துக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ரத்தக்கட்டாக இருந்தால் உருட்டுவது ஆபத்து.

இயல்பிலேயே மூட்டுகள் அதிகம் வளையும் பிள்ளைகள் பாலேயில் நிறைய. கட்டைவிரல் முன்கையைத் தொடும், முழங்கை பின்னால் வளையும். அவர்கள்தான் "எப்பவும் டைட்டா இருக்கு" என்று அதிகம் சொல்கிறார்கள். தளர்ந்த மூட்டைத் தசை இறுகப் பிடித்துக் காக்கிறது, அதுவே விறைப்பாகத் தெரிகிறது. அந்தக் காவல்காரனை ரோலரால் அடித்துத் துரத்தாதீர்கள். பலப்படுத்தும் பயிற்சி கொடுத்தால் விறைப்பு தானே விடும்.

களைப்பு ஆறவே இல்லை என்றால் தட்டைப் பாருங்கள். ஆடும் அளவுக்குச் சாப்பிடாத பெண்ணுக்கு மாதவிடாய் மூன்று மாதம் நின்றுபோனால் அது "டான்ஸ் ஆடறதால" என்று ஒதுக்கும் விஷயமில்லை. எலும்பு விரிசலுக்கு அது நேர்வழி. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இந்த ஆற்றல் பற்றாக்குறைக்குத் தனிப்பெயரே வைத்தது. ரோலர் சோற்றுக்கு மாற்று ஆகாது.

கடைசியாக ஆசிரியர்களிடமும் அம்மாக்களிடமும் ஒரு வேண்டுகோள். 11 முதல் 13 வயதுக்குள் பெரும்பாலான பெண் குழந்தைகளுக்கு எலும்பு வேகமாக நீள்கிறது, தசை பின்தங்குகிறது, போன வருடம் வந்த ஸ்ப்ளிட்ஸ் இந்த வருடம் வராது. உட்காரும் எலும்பில் தசை ஒட்டும் இடம் இருபது வயதை ஒட்டித்தான் முழுதாக இறுகும். அதுவரை வலுக்கட்டாயமாக இழுத்தால் தசை கிழிவதற்குப் பதில் எலும்புத் துண்டோடு பெயர்ந்து வரலாம். மாதம் ஒருமுறை சுவரில் பென்சிலால் உயரத்தைக் குறியுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தால், அந்த மாதம் ரோலரை அலமாரியில் வைத்துவிட்டு, கால் இறங்கவில்லை என்று அவளைத் திட்டாமல் விடுங்கள்.